நாலு பேர் பார்க்க ஒரு வாய்

நீங்க ஊட்டுங்க தாயி, ஊட்டுங்க. நான் இந்தப் பக்கம் ஜன்னலைப் பாத்துக்கிடுதேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது வேத்தாள் கண்ணு படக் கூடாதும்பாவ. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை உண்டு. பாப்பா சமத்தாத் திங்கா. எங்க மகன் நமச்சி இந்த வயசுல ஒரு வாய்க்கு ஒம்பது ஓட்டம் ஓடுவான்.

ஆமா, எதுத்தாப்புல படுத்திருக்கது என் வீட்டம்மாதான். தூங்குதா. கட்டு போட்டிருக்கது வலது கை. மணிக்கட்டுல எலும்பு விட்டுப் போச்சு. இல்ல, இங்க இல்ல. எத்தியோப்பியாவுல. ஆப்பிரிக்கா. காலையில விமானத்துல வந்து எறங்கி, நேரா எழும்பூருக்கு வந்து இந்தப் பகல் வண்டியைப் பிடிச்சோம். திருநெல்வேலி போகணும். நீங்க கோவில்பட்டியா? நல்லதாப் போச்சு. கூடவே வருவிய.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும் தாயி. கேக்கதுக்கு வெக்கமா இருக்கு. நேத்து மத்தியானத்துல இருந்து அவ வாயில ஒண்ணும் படல. விமானத்துலயும் சாப்பிடல, எழும்பூர்ல இட்லி வாங்குனேன், அதையும் தொடல. இடது கையால தண்ணி மட்டும் குடிக்கா. மாத்திரை வேற வெறும் வயித்துல போட முடியாது. நீங்க பாப்பாவுக்கு ஊட்டுத அழகைப் பாத்தேன். அதாவது பாக்கல, கண்ணுல பட்டுச்சு. அப்பத்தான் கேக்கலாம்னு தோணுச்சு. ஆனா விஷயத்தை முழுசாச் சொல்லிருதேன். இல்லைன்னா இவன் என்ன மனுஷன், பொஞ்சாதிக்குச் சோறு ஊட்ட அடுத்த ஆளைக் கூப்பிடுதான்னு நெனைச்சிருவிய.

என் பேரு குற்றாலிங்கம். மின்சார வாரியத்துல கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டையர் ஆனவன். சாப்பாட்டுல நான் ருசி தெரிஞ்சவன் தாயி, பெருமைக்குச் சொல்லல. திருநெல்வேலியில எந்தக் கடையில எந்த நேரத்துக்கு வடை சுடச்சுட எடுப்பான், எந்தக் கடை சாம்பார் சாயங்காலத்துல தண்ணியாயிரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. சாயங்காலம் ஆபீஸ் விட்டா ஏதாவது ஒரு ஓட்டல்ல உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அவளைக் கூட்டிட்டுப் போனதில்ல. பொம்பளையாளுவ ஓட்டல்ல உக்காந்து நாலு பேரு முன்னால வாயசைக்கது எங்க வீட்டுல வழக்கமில்ல. ஆனா ஒரு நாளும் வெறுங்கையோட போனவன் இல்ல. பார்சல் உண்டு. அதையும் சொல்லணும்லா.

எங்க வீடு ஆசாரமான வீடு. சைவம். அதுக்கும் மேல எச்சில் விஷயத்துல எங்கப்பா காலத்துல இருந்தே ரொம்பக் கண்டிப்பு. டம்ளர்ல வாய் வைக்க மாட்டேன், அண்ணாந்துதான் குடிப்பேன். காப்பியும் அப்படித்தான். ஒருத்தர் தட்டுல இன்னொருத்தர் கை படக் கூடாது. இவ வந்தா பாருங்க, அதை எள்ளளவும் மீறுனதில்ல. கல்யாணமான நாள்ல இருந்து இவளுக்குன்னு தனித்தட்டு ஒண்ணு கெடையாது. நான் சாப்பிட்டு எந்திரிச்ச தட்டுலதான் இவ போட்டுச் சாப்பிடுவா. இன்னைக்கு எந்த வீட்டுல இருக்கு இது?

என்ன தாயி பாக்கிய? இல்ல, புருவத்தைத் தூக்குனிய, அதான் கேட்டேன். அது எச்சில் கணக்குல வராது. புருஷன் தட்டுலா.

பாப்பாவுக்குத் தண்ணி குடுங்க, விக்குது.

எங்க மகன் நமச்சிவாயம் அங்க காலேஜ்ல பாடம் எடுக்கான். தலைநகர்ல, அடிஸ் அபாபாவுல. நம்மூர் வாத்தியாருமாரு நெறைய பேரு அங்க போயிருக்காவ. மருமக சென்னையில வேலையை விட முடியாம இங்க இருக்கா. 'அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு தடவை வந்து இருந்துட்டுப் போங்க'ன்னான். போனோம். மலை மேல ஊரு. நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும். ஆடி மாசத்துல மழையும் குளிருமா ஊட்டி மாதிரி இருந்துச்சு. இவ ஒரு பெட்டி நெறைய பொடியும் ஊறுகாயும் கட்டிட்டு வந்திருந்தா. நான்தான் கட்டச் சொன்னேன்.

நமச்சி கேக்கல. ஒரு நாள் விடாம ஏதாவது கடைக்குக் கூட்டிட்டுப் போவான். 'ஊரைப் பாக்கணும்னா அந்த ஊரு சோத்தைத் திங்கணும்ப்பா'ம்பான். ஒரு பழச்சாறு கடை. சாறுன்னு பேரு, கரண்டியால தோண்டித் திங்கணும். பச்சை ஒரு அடுக்கு, மஞ்சள் ஒரு அடுக்கு, சிவப்பு ஒரு அடுக்குன்னு கண்ணாடி டம்ளர்ல வச்சுத் தாரான். பச்சையா இருக்கது வெண்ணெய்ப்பழமாம். நான் ஒரு கரண்டி தின்னுட்டு வச்சுட்டேன், சீயக்காயைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. இவ முழுசையும் தின்னா தாயி. மேலுதட்டுல பச்சையா ஒட்டியிருக்கு, அதோட மகனைப் பாத்துச் சிரிக்கா. நமச்சி போட்டோ எடுக்கான். பக்கத்துல ஆளுவ இருக்காவ. 'தொடைளா, சோத்தைக் காணாத பறக்காவெட்டி மாதிரி'ன்னேன். தொடைச்சா.

இன்னொரு நாள் இஞ்ஜெரா சுடுத கடை. அதுதான் அங்க எல்லாருக்கும் சோறு. நம்ம தோசை மாதிரி, ஆனா பெருசு, ஒரு ஆளு மடியில விரிச்சா ரெண்டு பக்கமும் தொங்கும். ஒரு பக்கம் மட்டும்தான் சுடுவாவ, மேலெல்லாம் ஆப்பம் மாதிரி கண்ணு கண்ணா இருக்கும். மாவை மூணு நாலு நாளு புளிக்க விடுவாவளாம். இவ நேரா அடுப்புக்கிட்டப் போயி குத்த வச்சு உக்காந்துட்டா. சுடுத பொம்பளைக்கும் இவளுக்கும் ஒரு பாஷையும் ஒத்துவராது. மாவை விரல்ல தொட்டு மோந்து பாக்கா, அவளும் மோந்து பாக்கா, ரெண்டு பேரும் சிரிக்காளுவ. ரெண்டு பேருக்கும் புளிப்பு பத்தாதாம்! எனக்கு வெளிய மழையில நிக்கவா உள்ள போகவான்னு கூச்சமாப் போச்சு. வீட்டுல வாயத் தொறக்காதவ, அங்க போயி என்ன சிரிப்புங்கிய. எனக்கு அதெல்லாம் புதுசு.

இதுவரைக்கும் பரவாயில்ல. அந்தப் புதன்கிழமைதான் எல்லாம் கெட்டுது.

நமச்சியோட காலேஜ்ல துறைத்தலைவர் ஒருத்தர், பெக்கெலேன்னு பேரு. தங்கமான மனுஷன். அவரு சம்சாரம் செனாயித். பேங்க்ல வேலை. நமச்சி வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் அவங்க வீடு. 'உங்க அப்பா அம்மாவுக்கு நாங்க ஒரு விருந்து குடுக்கணும்'னு சொல்லி, ஒரு பெரிய ஓட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாவ. நாங்க சைவம்னு தெரிஞ்சு புதன்கிழமையாப் பாத்துக் கூப்பிட்டாவ தாயி. அவங்க கிறிஸ்தவங்க, ஆனா புதனும் வெள்ளியும் விரதம். கறி, மீன் மட்டுமில்ல, பாலு நெய்கூடத் தொட மாட்டாவ. நம்மளவிடக் கண்டிப்பு. அதைக் கேட்டதும் எனக்கு அவங்க மேல மரியாதை வந்துட்டு.

ஓட்டலும் நல்லாத்தான் இருந்துச்சு. மேசை கெடையாது. மூங்கில் கூடை மாதிரி ஒண்ணு இடுப்பு உயரத்துக்கு நடுவுல நிக்கி, சுத்திக் குட்டையா முக்காலி. ஒரு பொண்ணு சொம்பும் தாம்பாளமும் கொண்டு வந்து, உக்காந்த எடத்துலயே ஒவ்வொருத்தர் கையிலயும் வெந்நி ஊத்துனா. ஆகா, நம்ம கல்யாண வீடு மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். சாம்பிராணி வாசம் வேற.

அப்புறம் சாப்பாடு வந்துச்சு. ஒரே தட்டு.

அஞ்சு பேருக்கு ஒரே தட்டு தாயி. வண்டிச் சக்கரம் அம்புட்டுப் பெருசு. இஞ்ஜெராவை விரிச்சு, அது மேலயே பருப்பு, கீரை, முட்டைக்கோசு, பீட்ரூட்டு, கடலைமாவுல கொழகொழன்னு ஒரு கொழம்பு, எல்லாத்தையும் தனித்தனியா வச்சிருக்காவ. சுத்தி உக்காந்து அஞ்சு பேரும் அதுலயே பிச்சுப் பிச்சுத் திங்கணும். நமச்சிகிட்ட மெதுவா, 'எனக்குத் தனியா ஒரு தட்டு கேளுடா'ன்னேன். 'அப்பா, இன்னைக்கு ஒரு நாளு'ன்னான். 'கேளு'ன்னேன். கேட்டான். அந்தப் பொண்ணு முழிச்சுட்டு ஒரு பீங்கான் தட்டைக் கொண்டு வந்து குடுத்தா. நான் அதுல கொஞ்சம் எடுத்து வச்சுக்கிட்டு ஒதுங்கி உக்காந்தேன். பெக்கெலே ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடல. சிரிச்சாரு. சாப்பாடு ருசியா இருந்துச்சு, இல்லைங்க மாட்டேன். அந்தக் கடலைமாவுக் கொழம்பு நம்ம பொரிச்ச கொழம்புக்குப் பக்கத்துல வரும்.

இவளும் தனியா எடுத்துக்கிடுவான்னு பாத்தேன். இல்ல. அவங்களோட சேந்து அந்தத் தட்டுலயே கைய வச்சா. நான் பாத்தேன். அவ என்னைப் பாக்கல.

பாதிச் சாப்பாட்டுல அந்தப் பொம்பள, செனாயித், ஒரு துண்டு இஞ்ஜெராவைப் பிச்சு, பருப்பை உள்ள வச்சு வெத்தலை மடிக்க மாதிரி மடிச்சு, இவ வாய்க்கு நேரா நீட்டுனா. எனக்குத் திக்குன்னு ஆச்சு. நமச்சி சொல்லுதான், 'அம்மா, அது இங்க வழக்கம். குர்ஷான்னு பேரு. பிரியமானவங்களுக்கு அவங்க கையாலேயே ஊட்டுவாவ. மரியாதைம்மா.' இவ வாயத் தொறந்து வாங்கிக்கிட்டா தாயி. அம்பத்தெட்டு வயசுக்காரி. வாங்கி மென்னுட்டு, கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. காரம்னு நெனச்சேன். அந்தப் பருப்புல அம்புட்டுக் காரம் இல்ல.

அடுத்து அந்தப் பொம்பள இன்னொண்ணு மடிச்சு என் பக்கம் திரும்புனா.

நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க. ஊரான் வீட்டுப் பொம்பள கையால நான் வாயத் தொறந்து வாங்குததா? அதுலயும் அந்தப் பொதுத் தட்டுல எடுத்தது. ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டு 'நோ, நோ'ன்னு தலையை ஆட்டுனேன். அந்தக் கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. அவ முகம் செத்துப் போச்சு. மெதுவாக் கையை எறக்கி, அதை நமச்சி வாயில வச்சா. சுத்தி நாலஞ்சு கூடையில ஆளுவ இருந்தாவ, எல்லாரும் பாத்தாவ. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டுது. ஆனா என் பேருல என்ன தப்பு? எனக்கு ஆகாது, வேண்டாம்னேன். அம்புட்டுத்தானே?

பெக்கெலே நல்ல மனுஷன்னு சொன்னேன்லா. நெலைமையைச் சரி பண்ண அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. என்னைப் பாத்து ஏதோ சொல்லி, இவளைக் காட்டிக் கை தட்டுனாரு. நமச்சி சொன்னான், 'அப்பா, நீங்க அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டணுமாம். அவங்க கை வேண்டாம்னா விடுங்க. அம்மாவுக்கு நீங்க ஊட்டலாம்லா.' பக்கத்துக் கூடையில இருந்தவங்களும் விஷயம் புரிஞ்சு கை தட்ட ஆரம்பிச்சுட்டாவ. காப்பிக்கு அடுப்பு பத்த வச்சுக்கிட்டிருந்த பொண்ணுகூட எந்திரிச்சு நின்னு பாக்கா.

இவ என் பக்கம் திரும்பி உக்காந்தா. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா. என்னைப் பாத்து, வாயத் தொறந்தா.

கை தட்டுதாவ. இவ வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு தாயி. கல்யாணத்துல பாலும் பழமும் குடுக்கச் சொன்னப்பவே நான் டம்ளரை அவ கையில குடுத்தவன். இத்தனை பேரு முன்னால நான் சோத்தை உருட்டி, இவ வாயில வச்சு... என் வாயில வந்தது என்ன தெரியுமா?

'வாயை மூடுளா. நாலு பேரு பாக்காவ.'

மூடிட்டா.

தமிழ்லதான் சொன்னேன். ஆனா அந்தப் பொம்பளைக்குப் புரிஞ்சிட்டு. கை தட்டினவங்களும் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாவ. அங்க சாப்பாட்டுக்குப் பின்னால காப்பிக் கொட்டையைக் கண்ணு முன்னால வறுத்து, இடிச்சு, மூணு சுத்து குடுப்பாவ. பெரிய சடங்கு. நான் அதுக்கு இருக்கல. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். மழை தூறுது. பின்னால இவ வாரான்னு தெரியும், செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நான் முன்னால நடந்தேன். எப்பவும் நான் முன்னாலதான் நடப்பேன், அவ பின்னால வருவா. காருக்கிட்டப் போயித்தான் திரும்பிப் பாக்கேன். இவ ஓட்டல் படிக்கட்டுல கெடக்கா. பெக்கெலே ஒரு பக்கம், அந்தப் பொம்பள ஒரு பக்கம், தூக்கிக்கிட்டிருக்காவ. நமச்சி ஓடி வாரான். விழுந்தவ ஒரு சத்தமும் போடல. போட்டிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனா?

அன்னைக்கு ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுட்டு வந்ததும் நமச்சி என்கிட்டச் சொன்னான். 'அப்பா, எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாளும் உங்களால வெக்கம் வந்ததில்ல. இன்னைக்கு வந்துட்டு.' பெத்த பிள்ளை வாயால இதைக் கேக்கணுமா? அவன் முகத்தைப் பாக்க முடியாம பால்கனியில போயி நின்னேன். அவமானம். அன்னைல இருந்து இந்த அவமானம் கூடவே வருது. யாரால வந்த அவமானம்னுதான் பிடிபடல. மொதல்ல இவளாலன்னு நெனச்சேன்.

அப்புறம் கேளுங்க. காலையில நமச்சி இட்லியைப் பிட்டு இவளுக்கு ஊட்டிட்டுத்தான் காலேஜ் போவான். மத்தியானம் பேங்க்ல இருந்து அந்தப் பொம்பள வருவா. அவ சாப்பாட்டு நேரத்துல, மழையில, குடையைப் பிடிச்சுக்கிட்டு வருவா. டப்பாவுல இஞ்ஜெரா கொண்டாந்து, நடு ஹால்ல உக்காத்தி வச்சு மடிச்சு மடிச்சு ஊட்டுவா. அடுத்த வீட்டுக்காரி, வேலைக்கு வர்ற பொண்ணு எல்லாரும் அங்கன நிப்பாளுவ, ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவாளுவ. இவ எல்லார் கையாலயும் திங்கா! ஒண்ணு ரெண்டு வார்த்தைகூட அவங்க பாஷையில படிச்சுட்டா. என்னைக் கண்டா அந்தப் பொம்பள எந்திரிச்சுக் கும்பிடுவா, மரியாதைக்குக் கொறைச்சல் இல்ல. ஆனா எனக்கு ஊட்ட அப்புறம் கையை நீட்டல. நான் பால்கனிக்குப் போயிருவேன்.

நானும் கல்லு இல்ல தாயி. ஒரு நாளு மத்தியானம் அந்தப் பொம்பளைக்கு வேலை, வர முடியல. நமச்சியும் இல்ல. தயிர்சாதம் பிசைஞ்சு எடுத்துக்கிட்டு இவ ரூமுக்குப் போனேன். வேலைக்காரப் பொண்ணு இருந்தா, அவளை வெளிய அனுப்புனேன். கதவைச் சாத்துனேன். ஜன்னல் திரையையும் இழுத்து விட்டேன். எதுத்த மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு ஒருத்தி நின்னா, அதான். எல்லாம் பண்ணிட்டு, ஒரு உருண்டை உருட்டி வாய்க்கு நேரா கொண்டு போனேன். வாழ்க்கையில மொத தடவை. இவ கதவைப் பாத்தா. திரையைப் பாத்தா. என்னைப் பாத்தா. தொறக்கல தாயி. 'பசிக்கல'ன்னுட்டா. சாயங்காலம் அந்தப் பொம்பள வந்ததும் நடு ஹால்ல உக்காந்து திங்கா. என் மனசு எப்படி இருந்திருக்கும்?

விமானத்துலயும் அப்படித்தான். சாப்பாடு வந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரன் இருக்கானே, எப்படி ஊட்ட? ஒரு கையால போர்வையைத் தூக்கி மறைப்பா பிடிச்சுக்கிட்டு, மறு கையால கொண்டு போனேன். போர்வையைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. சரி, நம்ம தட்டுல தின்னுதானே பழக்கம், நான் கொஞ்சம் தின்னுட்டு வச்சா கரண்டியால எடுப்பான்னு என் தட்டை அவ முன்னால தள்ளி வச்சேன். அதைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. அந்தத் தட்டை அவ அதுக்கு முன்னால கண்டதே இல்லாத மாதிரி.

இந்தா இருக்கு டப்பா. அந்தப் பொம்பள வழிக்குக் கட்டிக் குடுத்தது. விமான நிலையம் வரைக்கும் வந்து குடுத்தா. உள்ள இஞ்ஜெராவும் பருப்பும். இஞ்ஜெரா ரெண்டு மூணு நாளு கெடாதாம், பருப்பையும் தண்ணி இல்லாமக் கெட்டியா வதக்கி வச்சிருக்கா. நம்ம கட்டுச்சோறு மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன். பாப்பா தூங்கிட்டா போல. மடியில நல்லாப் போட்டுக்கிடுங்க. அதான் தாயி உதவி. எந்திரிச்சதும் நீங்க அவளுக்கு நாலு வாய் ஊட்டணும். பொம்பளையாளு கைன்னா வாங்கிக்கிடுதா. எவ கையானாலும் வாங்கிக்கிடுதா. என் கைக்குத்தான் வாயத் தொறக்க மாட்டேங்கா, அது என்ன கணக்குன்னு எனக்கு வெளங்கல. அவளுக்குக் கூச்சமா இருக்கக் கூடாதேன்னுதானே நான் கதவைச் சாத்துனேன்?

என்ன சொல்லுதிய?

மாட்டியளா?

இல்ல, இல்ல, கோவமில்ல. எதுக்குக் கோவம். 'நீங்களே ஊட்டுங்க, உங்களுக்குக் கூச்சமா இருந்தா நான் ஜன்னலைப் பாத்துக்கிடுதேன்'ங்கிய. சரி. அதுவும் ஒரு உபகாரம்தான். நீங்க பாப்பாவுக்கு ஊட்டும்போது நான் திரும்புன மாதிரி. அண்ணாச்சி, நீங்க பேப்பரைக் கொஞ்சம் ஒசத்திப் பிடிச்சுக்கிடுதியளா? நல்லது. அந்தத் தம்பி காதுல பாட்டு மாட்டியிருக்கான், அவனுக்கு உலகமே கெடையாது.

எப்படிப் பிய்க்கா அவ... இந்தா, பிஞ்சிட்டு. பருப்பை உள்ள வைக்கணும். மடிச்சா ஒரு பக்கம் ஒழுகுது. அந்தப் பொம்பள வெரல்ல ஒண்ணும் ஒட்டாது. போகட்டும்.

ஏளா பிரமு. பிரமு. எந்திரி. ஒரு வாய் சாப்பிட்டுட்டு மாத்திரை போடணும்.

முழிச்சா இருக்க? எப்ப இருந்து? அம்புட்டையும் கேட்டுக்கிட்டா கெடந்த?

சரி, விடு. பைய எந்திரி. சாஞ்சுக்கோ, கையை இடிச்சிராத. இந்தா. உன் சிநேகிதி கட்டிக் குடுத்தது. நான்தான் மடிச்சேன், கொஞ்சம் கோணலா இருக்கு. தொற. யாரும் பாக்கல பிரமு. அவங்க ஜன்னலைப் பாக்காவ, அண்ணாச்சி பேப்பர் படிக்காரு. ஒருத்தரும் பாக்கல. தொற.

என்ன சொல்லுத?

தாயி, இவ என்ன சொல்லுதா, உங்க காதுல விழுந்துச்சா? 'யாரும் பாக்கலன்னா எனக்கு வேண்டாம்'ங்கா.

...

கை இப்படியே நிக்கி தாயி. அந்தப் பொம்பள கை அன்னைக்கு இப்படித்தான் நின்னிருக்கும். கனக்கு. ஒரு வாய் சோறு இந்தக் கனம் கனக்குமா?

கதவைச் சாத்துனேன். திரையை இழுத்தேன். போர்வையைத் தூக்கிப் பிடிச்சேன். இப்ப உங்களையும் திரும்பிக்கிடச் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். வெக்கமா இருக்கு தாயி. அவளால இல்ல. நெசமாவே வெக்கமா இருக்கு.

தாயி, இந்தப் பக்கம் திரும்புங்க. அண்ணாச்சி, பேப்பரைக் கீழ எறக்குங்க. இல்ல, பரவாயில்ல, எறக்குங்க. தம்பி! ஏ தம்பி! அந்தக் காதுல இருக்கதைக் கழத்துப்பா. இங்கன பாரு. டீ விக்கிறவரே, ஒரு நிமிஷம் நில்லுங்க, டீக்கு இல்ல, சும்மா நில்லுங்க. பாருங்க எல்லாரும். இவ என் பொஞ்சாதி. பேரு பிரமநாயகி.

பாக்காவ பிரமு. நாலு பேரும் பாக்காவ.

வாயத் தொற.